75 கிராம்

கர்ப்பத்தைப் பதிவு செய்ய அரசு மருத்துவமனைக்கு வரும் பெண்ணின் கையில் ஒரு தம்ளர் குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுப்பார்கள். 300 மில்லி தண்ணீர், அதில் 75 கிராம் குளுக்கோஸ். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். மசக்கை நாட்களில் தாளிக்கும் வாசனை வந்தாலே குமட்டும். அந்த நேரத்தில் இவ்வளவு தித்திப்பை வெறும் தண்ணீரில் கரைத்து நீட்டினால் முகம் கோணத்தான் செய்யும். கூட வந்திருக்கும் அம்மாவோ அத்தையோ, "கண்ணை மூடிக்கினு குடிச்சிடும்மா, பாப்பாவுக்குத்தானே" என்று முதுகைத் தடவிக் கொடுப்பார்கள். குடித்து முடித்த நேரத்தை நர்ஸ் குறித்துக்கொள்வார். அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் மறுநாள் மறுபடியும் இதே தம்ளர். அரை மணியைத் தாண்டிவிட்டால் பயமில்லை, சோதனை தொடரும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது கர்ப்பகால நீரிழிவு.

இவ்வளவுதான் சோதனை. ஊசியைத் தவிர அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தம்ளர் அந்தப் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. ஒரு மக்காச்சோளக் காட்டில் தொடங்கி, பாஸ்டன் நகரத்தைச் சுற்றி, சென்னையின் அரசு மருத்துவமனை பெஞ்சுகளில் வந்து உருமாறியது அது. அந்த வழியைத் திருவல்லிக்கேணியில் நின்றுகொண்டு சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

இங்கே, சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தாய் சேய் மருத்துவமனைக்கு அரசுப் பதிவில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர். ஊர் வாயில் அது இன்றைக்கும் கோஷா ஆஸ்பத்திரி. பாட்டி அங்கே பிறந்திருப்பாள், அம்மா அங்கே பிறந்திருப்பாள், பேத்தி அங்கே அட்டை போட வரிசையில் நிற்பாள். மூன்று தலைமுறையும் அதே பெயரைத்தான் சொல்லும். கோஷா என்றால் திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்கள். அந்நிய ஆணின் கண்ணில் படாத முஸ்லிம் வீட்டுப் பெண்களும், ஆண் மருத்துவர் தொட்டால் ஆகாது என்று கட்டுப்பாடு வைத்திருந்த சாதி இந்து வீட்டுப் பெண்களும் பிரசவ வலியில் செத்தாலும் ஆஸ்பத்திரிப் படியேறாத காலம் ஒன்று இருந்தது. வக்கீல் கணவரோடு மதராஸுக்கு வந்த மேரி ஷார்லீப் அதைக் கண்ணால் பார்த்தார். 1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரி முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட நான்கு பெண்களில் அவரும் ஒருவர். பிறகு லண்டனில் பட்டம் வாங்கித் திரும்பி வந்து, 1885இல் இந்த மருத்துவமனையைத் தொடங்கினார். முதலில் நுங்கம்பாக்கத்தில் இருந்தது. 1890இல் சேப்பாக்கத்துக்கு வந்தது. கட்டடத்துக்கு வெங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்.

ஷார்லீப் அந்தப் பெண்களைப் பார்த்து "திரையை விட்டு வெளியே வாருங்கள், அப்போதுதான் வைத்தியம்" என்று சொல்லவில்லை. அவர்கள் எப்படி வாழ்கிறார்களோ அதற்குத் தோதாக ஒரு ஆஸ்பத்திரியைக் கட்டினார். பெண்ணுக்கு ஏற்றபடி மருத்துவத்தை வளைத்த வேலை அது. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, இதே ஊரில் இன்னொரு முறை அதே வேலை நடந்தது. இந்த முறை வளைக்கப்பட்டது கட்டடம் அல்ல, ஒரு தம்ளர்.

தம்ளருக்குள் இருப்பது மக்காச்சோளம் என்று சொன்னால் அதைக் குடிக்கும் பெண்கள் பலர் நம்பமாட்டார்கள். இந்தியாவில் குளுக்கோஸ் பொடி பெரும்பாலும் மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் பெரம்பலூர் பக்கம் போனால் மானாவாரிக் கரிசலில் கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளம்தான்; அதில் பெரும்பகுதி கோழித்தீவனத்துக்கும் மாவு ஆலைகளுக்கும் போகிறது. ஆலையில் சோளத்தைக் கந்தகப் புகை கரைந்த வெதுவெதுப்பான நீரில் ஒன்றரை, இரண்டு நாள் ஊறப் போடுவார்கள். முளையைத் தனியே பிரித்து எடுத்துவிட்டு அரைத்து, வெள்ளை மாவுச்சத்தை மட்டும் வடித்தெடுப்பார்கள். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கோத்த சங்கிலி; பிறகு நொதிகளை விட்டு அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வெட்டுவார்கள். நம் எச்சிலும் கணைய நீரும் சோற்றை வெட்டுகிற அதே வேலைதான், தொட்டியில் நடக்கிறது. கடைசியில் பாகு உறைந்து பளபளவென்று படிகமாகும்.

அப்படி உறையும்போது ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறும் ஒரு தண்ணீர் மூலக்கூறைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. பொடியைத் தொட்டுப் பார்த்தால் உலர்ந்துதான் இருக்கும், ஆனாலும் அதன் எடையில் பதினொன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதனால் சுத்தமான குளுக்கோஸ் 75 கிராம் வேண்டுமென்றால் இந்த வகைப் பொடியில் 82.5 கிராம் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குறிப்பே சொல்கிறது. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் பார்க்காமல் 75 கிராமை அளந்து போட்டால் தம்ளருக்குள் இருப்பது 68 கிராம் சொச்சம்தான். ஏழு கிராம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 138க்கும் 141க்கும் நடுவில் ஒரு பெண்ணின் அடுத்த ஐந்து மாதம் தொங்கும் இடத்தில் அது பெரிய விஷயம்தான்.

சரி, ஏன் 75? ஏன் 50 இல்லை, 100 இல்லை?

ஐம்பதும் இருந்தது, நூறும் இருந்தது. 1964இல் பாஸ்டன் நகரில் ஓசல்லிவன் என்ற மருத்துவரும் மாஹன் என்ற புள்ளியியலாளரும் 752 கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, மூன்று மணி நேரம் மணிக்கொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இன்று உலகம் முழுக்க நடக்கும் கர்ப்பகால சர்க்கரைச் சோதனைக்கு மூலவிதை அதுதான். ஆனால் அந்தச் சோதனை தேடியது வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை அல்ல. இந்தப் பெண்களில் யாருக்கு, பிரசவமாகிப் பல வருஷம் கழித்து, நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் என்பதையே அவர்கள் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். எண்களுக்கு நடுவே கோட்டைப் போட்டதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். தம்ளர் பிறந்தபோது அதன் கண் அம்மாவின் மேல் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஊருக்கு ஊர் வேறு வேறு அளவு என்ற குழப்பத்துக்கு முடிவுகட்ட 1980இல் உலக சுகாதார நிறுவனம் 75 கிராமை எல்லோருக்கும் பொது அளவாக வைத்தது. 1999இல், கர்ப்பிணிக்கு இரண்டு மணி நேரத்தில் 140 என்ற கோட்டையும் போட்டது. ஆனால் சோதனைக்கு முதல் நாள் இரவே சாப்பாட்டை முடித்துக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது விதி.

இந்த விதி நம்மூர்ப் பெண்ணுக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஐஸ் ஹவுஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருப்பவள், காலையில் தண்ணீர் பிடித்து, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி வரிசையில் வந்து நிற்க ஒன்பது மணியாகும். வரும்போது ஒரு வாய் டீயும் இரண்டு பன்னும் உள்ளே போயிருக்கும். போகாமல் வந்தால் வரிசையிலேயே மயங்கி விழுவாள். "சாப்பிட்டுட்டியாம்மா? அப்ப நாளைக்கு வெறும் வயித்துல வா" என்று திருப்பி அனுப்பினால், அந்த நாளை வருவதே இல்லை. கூட வர ஆள் வேண்டும், ஒரு நாள் கூலி போகும், வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும். வெளியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவளுக்கு இன்னும் கஷ்டம்.

மதராஸ் மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையைக் கட்டி எழுப்பிய டாக்டர் வி. சேஷய்யா இதைத்தான் கவனித்தார். அவரும் டாக்டர் வி. பாலாஜி, டாக்டர் மாதுரி பாலாஜி ஆகியோரும் சேர்ந்து ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: வெறும் வயிறு என்ற நிபந்தனை உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? உடலில் இன்சுலின் ஒழுங்காகச் சுரக்கும் பெண், இட்லி சாப்பிட்டு வந்தாலும் சாப்பிடாமல் வந்தாலும், இந்த 75 கிராமை இரண்டு மணி நேரத்தில் சமாளித்துவிடுவாள். சமாளிக்க முடியாதவளுக்கு 140ஐத் தாண்டும். அப்படியானால் எப்போது சாப்பிட்டாள் என்று கேட்கவே வேண்டாம். வந்த அன்றைக்கே, வந்த நேரத்திலேயே தம்ளரைக் கொடுத்துவிடலாம். அவர்கள் முன்னின்று நடத்திய இந்தியக் கர்ப்பகால நீரிழிவு ஆய்வுக் குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் உயிர் இந்த ஒற்றை மாற்றத்தில் இருக்கிறது. ஒரே தம்ளர், ஒரே குத்து, ஒரே வருகை.

சேஷய்யாவின் பிறந்த நாளான மார்ச் 10, இன்று இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள்.

தம்ளர் யாருக்கெல்லாம் போக வேண்டும் என்பது அடுத்த கேள்வி. மேலை நாடுகள் பலவற்றில் முதலில் ஒரு கேள்விப் பட்டியலை வைத்துச் சலிப்பார்கள். வயது 25ஐத் தாண்டிவிட்டதா? உடல் பருமனா? அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது சர்க்கரை உண்டா? போன பிரசவத்தில் இந்தத் தொல்லை இருந்ததா? நாலு கிலோ எடையில் பிள்ளை பிறந்ததா? காரணம் தெரியாமல் குழந்தை வயிற்றிலேயே இறந்ததா? சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா? ஆமாம் என்கிறவளுக்குத்தான் சோதனை. ஆனால் அதே பட்டியலின் ஓரத்தில் இன்னொரு வரியும் இருக்கும்: தெற்காசிய வம்சமா? அந்த ஒரு வரியிலேயே திருவல்லிக்கேணி முழுக்க அடங்கிவிடுகிறது. பார்த்தசாரதி கோயில் மாடவீதிக்காரியும் பெரிய மசூதித் தெருக்காரியும் மீனவக் குப்பத்துக்காரியும் ஒருவர் மிச்சமில்லாமல் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சலிக்க என்ன இருக்கிறது?

வீட்டில் கேட்கும் பேச்சு வேறு. "எங்க பரம்பரையிலயே சுகர் கிடையாதுங்க." "இவளே ஈர்க்குச்சி மாதிரி இருக்கா, இவளுக்கு எங்கேருந்து வரும்?" இரண்டையும் குறை சொல்ல முடியாது, பார்க்க அப்படித்தான் தோன்றும். பரம்பரையில் இல்லை என்பதற்குப் பல நேரங்களில் பரம்பரையில் யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒல்லி விஷயம் இன்னும் நுட்பமானது. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தபோது, இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடையில் நன்றாகக் குறைந்திருந்த நம் குழந்தைகளின் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை என்று கண்டார். குறைந்திருந்தது சதைதான். இன்சுலினின் பேச்சைக் கேட்டுச் சர்க்கரையை உள்ளே இழுக்கும் பெரிய சேமிப்புக் கிடங்கு சதைதான் என்பதால், ஒல்லிப் பெண்ணுக்கும் ஆபத்து பிறவியிலேயே கூட வருகிறது.

2005 முதல் 2007 வரை தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பு இதை எண்ணாகக் காட்டியது. சென்னை நகரத்தில் 4,151 கர்ப்பிணிகள், சைதாப்பேட்டைப் பகுதியில் 3,960 பேர், திருவள்ளூர் கிராமங்களில் 3,945 பேர். நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சைதாப்பேட்டையில் 13.8 பேருக்கும், கிராமத்தில் 9.9 பேருக்கும் சர்க்கரை இருந்தது. இந்த எண்களில் என்னை உலுக்குவது நகரத்தின் 17.8 அல்ல, கிராமத்தின் 9.9தான். களை எடுத்து, நடவு நட்டு, நடந்தே பழகிய பெண்களிலும் பத்தில் ஒருத்தி. நகரத்துச் சொகுசால் வரும் நோய் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது. 2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் வெளியிட்டபோது, சென்னையில் உருவான இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது. பதிவு செய்ய வரும் முதல் நாளில் ஒரு தம்ளர், 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தம்ளர்.

ஏன் அந்த இரண்டாவது? அதற்குத் தம்ளரோடு உடம்புக்குள் போக வேண்டும்.

குடித்த குளுக்கோஸ் குடலில் எந்த வேலையும் வைப்பதில்லை. சோறாக இருந்தால் வெட்ட வேண்டும். இது ஏற்கெனவே ஆலையில் வெட்டப்பட்டது. கொஞ்ச நேரத்திலேயே ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும். கணையம் இன்சுலினை அனுப்புகிறது. சாதாரண நாளில் அதோடு கதை முடிந்தது. ஆனால் மாசமாக இருப்பவளின் உடம்பில் இன்னொரு அதிகாரி இருக்கிறார், நஞ்சுக்கொடி. அது தன் ஹார்மோன்களைச் சுரந்து, தாயின் சதையை இன்சுலினின் பேச்சைக் கேட்காதபடி செய்கிறது. இதைக் கெடுதல் என்று சொல்ல முடியாது. தாய் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் சர்க்கரையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினால்தான் பிள்ளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். மாதம் ஏற ஏற நஞ்சுக்கொடி வளரும், இந்தத் தடையும் வளரும். ஆறாம் மாதம் முடியும் தறுவாயில் அது ஓங்கத் தொடங்கிவிடும். பெரும்பாலான பெண்களின் கணையம் இரண்டு, மூன்று மடங்கு வேலை செய்து ஈடுகொடுத்துவிடும். ஈடுகொடுக்க முடியாத கணையம் எது என்று அப்போதுதான் வெளியே தெரியும். முதல் தம்ளரில் 110 வந்தவளுக்கு இரண்டாவது தம்ளரில் 155 வருவது அதனால்தான். "போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்லி இரண்டாவதைத் தட்டிக் கழிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாயின் ரத்தத்தில் மிஞ்சி நிற்கும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகத் தடையில்லாமல் பிள்ளைக்குப் போகும். இன்சுலின் போகாது. கோபன்ஹேகனில் யோர்கன் பெடர்சன் என்ற மருத்துவர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த முடிச்சை அவிழ்த்தார்: வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் பிஞ்சுக் கணையமே இன்சுலினைக் கொட்டத் தொடங்குகிறது, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு இன்சுலின்தான் வளர்ச்சி உரம். தோளும் வயிறும் பருத்துப் போகும். பிரசவத்தில் தலை வெளியே வந்தபின் தோள் மாட்டிக்கொள்ளும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும், ஆனால் பிள்ளையின் இன்சுலின் நிற்காது. சர்க்கரை சரேலென்று இறங்கிக் குழந்தை துவண்டுவிடும். கொழுகொழுவென்று நாலு கிலோவில் பிள்ளை பிறந்தால் திருஷ்டி சுற்றிப் போடுகிற ஊர் நம்முடையது. அந்த நாலு கிலோவுக்குப் பின்னால் யாரும் அளந்து பார்க்காத சர்க்கரை இருந்திருக்கக்கூடும் என்பதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விடக்கூடாது.

இரண்டு மணி நேரம் முடிகிறது. ரத்தம் எடுக்கிறார்கள். தம்ளரின் பயணத்தில் சுலபமாகத் தவறிப்போகும் கட்டம் இது. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை. 145 என்று வெளியே வந்த ரத்தம், கூட்டம் அலைமோதும் ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தால் 140க்குக் கீழே இறங்கிவிடும். அந்தப் பெண்ணின் அட்டையில் 'நார்மல்' என்று எழுதப்படும். சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் ஃப்ளோரைடு போட்டிருப்பது இதைத் தடுக்கத்தான். அதுவும் முழுதாக வேலை செய்யத் தொடங்க ஒன்று, இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பிளாஸ்மா அளவுக்குச் சரிசெய்த சின்னக் குளுக்கோமீட்டரையே பயன்படுத்தலாம் என்று மத்திய வழிகாட்டுதல் சொல்வதில் இந்த நன்மையும் இருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு, அங்கேயே எண், காத்திருக்கும் குழாய் கிடையாது.

இனி சண்டையைச் சொல்ல வேண்டும். மறைத்தால் கதை நேர்மையாக இராது.

வெறும் வயிறு வேண்டாம் என்ற முறைக்கு ஆதரவாக 2009இல் சேஷய்யாவின் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 800 கர்ப்பிணிகளுக்குச் சாப்பிட்டு வந்த நிலையிலும் வெறும் வயிற்றிலும் இரண்டு முறை சோதனை. இரண்டிலும் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தவர்கள் 87 பேர். ஐந்து வருஷம் கழித்து, 2014இல், அதே மருத்துவ இதழில் கோபாலபுரத்திலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை செய்தது. 1,031 கர்ப்பிணிகள். வெறும் வயிற்றுச் சோதனை காட்டிக்கொடுத்த நூறு பேரில் சாப்பிட்டு வந்த நிலையில் செய்த சோதனை பிடித்தது 28 பேரைத்தான் என்றது அது. இரண்டும் ஒரே ஊரிலிருந்து வந்த ஆய்வுகள்தான். இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையில் ஒரு கடலே கிடக்கிறது.

கோடு எங்கே போடுவது என்பதிலும் உலகம் ஒத்துப்போகவில்லை. ஒன்பது நாடுகளில் 25,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2008இல் வெளியான ஹாப்போ ஆய்வு, இந்த எண்ணுக்குக் கீழே பத்திரம், மேலே ஆபத்து என்று ஒரு கோடே கிடையாது, சர்க்கரை ஏற ஏற ஆபத்தும் சரிவுப் பாதைபோல ஏறிக்கொண்டேதான் போகிறது என்று காட்டியது. அதை வைத்து வல்லுநர்கள் வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 என்று மூன்று கோடுகள் போட்டார்கள். அந்த ஒன்பது நாடுகளில் இந்தியா இல்லை.

என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். கருவி என்று பார்த்தால் வெறும் வயிற்றில், மூன்று முறை ரத்தம் எடுத்துச் செய்யும் சோதனை கூர்மையானது. கோபாலபுரத்து ஆய்வைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. தம்ளருக்குத் தப்பிப் போகும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் நம் வீட்டுப் பெண்கள். வெறும் வயிற்றோடு வர முடிந்தவர்களுக்கு, வசதி இருக்கும் இடங்களில், அதைச் செய்ய வேண்டும். ஆனால் நாளைக்கு வா என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு வராமலே போனவளை எந்தக் கூர்மையான கருவியும் பிடித்ததில்லை. அவள் எந்த ஆய்விலும் எண்ணாகக்கூட வரமாட்டாள். கோஷா ஆஸ்பத்திரி பிறந்ததே திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காகத்தான். வந்தவளை வந்த நேரத்தில் ஏற்றுக்கொள்ளும் தம்ளரை அதனால்தான் நான் மதிக்கிறேன்.

140ஐத் தாண்டினால் உடனே ஊசி என்று பயப்பட வேண்டாம். முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றித்தான் பார்ப்பார்கள். பட்டினி போடுவதில்லை, ரெண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கவே செய்கிறது. ஒரே உட்காரலில் நாலு இட்லி என்பதை, இப்போது இரண்டு, பதினொரு மணிக்கு ஒரு பிடி சுண்டல் என்று பிரிப்பது. சோற்றைக் குறைத்துக் கீரையையும் பருப்பையும் மீனையும் கூட்டுவது. சாப்பிட்டபின் நடப்பது, மெரினா பக்கத்தில் இருக்கிறது, சாயங்காலக் காற்றுக்குக் காசு கிடையாது. சாப்பிட்டு இரண்டு மணி கழித்துச் சர்க்கரை 120க்குள் வந்துவிட்டால் அதுவே போதும், பலருக்கு வந்தும் விடுகிறது. வராதவர்களுக்குத்தான் மெட்பார்மின் அல்லது இன்சுலின். வளைகாப்பு வருவது இதே நாட்களில்தான். புளிசாதமும் தேங்காய்ச் சாதமும் சர்க்கரைப் பொங்கலும் தலைவாழை இலையில் வரிசையாக வந்து நிற்கும். அன்றைக்கு அவளுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி வைத்துவிட்டு, மிச்சத்தைச் சுற்றியிருப்பவர்கள் சாப்பிட்டுக்கொள்ளலாம். வளையல் எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள்.

பிள்ளை பிறக்கிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இன்சுலினுக்குப் போட்டிருந்த தடை விலகுகிறது. சில நாட்களிலேயே பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை பழைய நிலைக்கு இறங்கிவிடும். வீட்டில் நிம்மதி. "அது பிள்ளைத்தாச்சி சுகருங்க, போயிடுச்சு" என்பார்கள். பத்திய சாப்பாடு, பிரசவ லேகியம், தொட்டில் சடங்கு, ராத்திரி முழுக்கப் பால். ஆஸ்பத்திரி அட்டை பீரோவுக்குள் புடவை மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஓசல்லிவனின் பழைய கேள்வி இங்கே திரும்பி வருகிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவளைவிட ஏழு மடங்கு என்றது 2009இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கணக்கு. 2020இல் வந்த இன்னொரு கணக்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு என்றது. அதனால்தான் பிரசவமாகி ஆறு வாரத்தில் மூன்றாவதாக ஒரு தம்ளரைக் குடிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. அதே 75 கிராம், இந்த முறை வெறும் வயிற்றில். வெறும் வயிற்றில் 126, இரண்டு மணியில் 200 என்ற பொதுக் கோடுகளை வைத்து, தாய் நீரிழிவுக்காரியா, அதன் வாசலில் நிற்பவளா, தப்பியவளா என்று பார்ப்பார்கள். பிறந்தது பெண் குழந்தையாக இருந்தால் கணக்கு இன்னும் நீளும். சர்க்கரை மிகுந்த கருப்பையில் வளர்ந்த பெண் தானே கர்ப்பமாகும்போது அதே தொல்லைக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம். சேஷய்யா வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது இந்த வட்டத்தைப் பற்றித்தான்.

ஆனால் இந்த மூன்றாவது தம்ளருக்குத்தான் வருகிறவர்கள் குறைவு. நம்மூரில் மட்டுமல்ல, உலகம் முழுக்கவே. முதல் இரண்டைப் பாப்பாவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தவள், மூன்றாவதைத் தனக்காகக் குடிக்க வேண்டும். தனக்காக ஒரு காலையை ஒதுக்கிக் கொடு என்று கேட்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூட வந்து முதுகைத் தடவிக் கொடுத்த கையும் அப்போது தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

ஆறு வாரத்தில் அவள் வரவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. வருகிறாள். பிள்ளைக்குத் தடுப்பூசி அன்றைக்குத்தான். பென்டாவேலன்ட் முதல் தவணை, வாயில் விடும் போலியோ சொட்டு. ஒன்றரை மாசக் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, திருவல்லிக்கேணியின் மாநகராட்சி நலவாழ்வு மையத்திலோ கோஷா ஆஸ்பத்திரியிலோ அவள் வரிசையில் நிற்பாள். அட்டையைப் புடவை மடிப்பிலிருந்து எடுத்துக்கொண்டுதான் வந்திருப்பாள். அதில் அவளுடைய 155 எழுதியிருக்கும். ஊசி போட்டபின் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்க்க அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் அதே பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். முதல் நாள் இரவு, "நாளைக்குக் காலையில எதுவும் சாப்பிடாம வா, பிள்ளைக்கு ஊசி போட்ட கையோட உனக்கும் பார்த்துடலாம்" என்று ஒரு நர்ஸ் போனில் சொல்லியிருக்க வேண்டும். அவள் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்காரும்போது, பக்கத்தில் 300 மில்லி தண்ணீரும் 82.5 கிராம் பொடியும் தயாராக இருக்க வேண்டும்.